கை நனைக்காமல் வந்த வீடு

ஒரே ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகக் கடல் தாண்டிப் போனவன் நான். சொன்னால் சிரிப்பார்கள். கொழும்பில் என் ஆபீஸ் மேனேஜர் சிரிக்கத்தான் செய்தார். லீவுக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "மதுரையில் யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார். "கல்யாணம் இல்லை. ஒரு வீட்டில் சாப்பிட வேண்டியிருக்கிறது" என்றேன். பத்து நாள் லீவு கொடுத்தார். பையனுக்குப் புத்தி கொஞ்சம் கலங்கியிருக்கிறது என்று நினைத்துத்தான் கொடுத்திருப்பார்.

யுத்தம் முடிந்து வந்த முதல் தை மாதம் அது. எனக்கு வயது நாற்பதை எட்டிக்கொண்டிருந்தது. மதுரையில் பிறந்து, பசுமலையில் ஆசிரியப் பயிற்சி படித்து, ஆசிரியனாகாமல் கொழும்பில் குமாஸ்தாவாகப் போனவன். வாத்தியார் ஆசை மட்டும் விடவில்லை. கொட்டாஞ்சேனையில் என் வீட்டு முன்னறையில் ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் ஒரு வேதபாட வகுப்பு நடத்தினேன். ஏழெட்டுப் பேர் வருவார்கள். ஆஸ்பத்திரியில் கட்டுக் கட்டுகிறவர் ஒருவர், அச்சாபீசில் எழுத்துக் கோக்கிறவர் ஒருவர், டிராம் வண்டி கண்டக்டர் ஞானமுத்து, இன்னும் சிலர்.

சிறு வயதிலிருந்தே மனப்பாடம் எனக்குக் கைவந்த கலை. ஞாயிறு பள்ளியில் வசனப் போட்டி என்றால் முதல் பரிசு என் வீட்டுக்குத்தான் வரும். அதிகாரம் அதிகாரமாக ஒப்பிப்பேன். ஆனால் எங்கள் வகுப்பில் ஒப்பிக்கிறவனுக்கு மதிப்பில்லை. ஞானமுத்து கொண்டுவந்த ஒரு வழக்கம்தான் காரணம். எந்தப் பகுதியைப் படித்தாலும் கடைசியில் ஒவ்வொருவரும், "இதை வைத்து இந்த வாரம் நான் இன்னது செய்யப்போகிறேன்" என்று ஒரு காரியம் சொல்ல வேண்டும். அடுத்த சனிக்கிழமை ஜெபம் முடிந்ததும் அவர் முதலில் கேட்பது, "செய்தீங்களா?" என்பதுதான். அச்சாபீஸ்காரர் ஒருமுறை, ஐந்து வருஷம் பேசாதிருந்த மாமனார் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றுவிட்டு வந்தார். உள்ளே கூப்பிடவில்லையாம். அதையும் சொன்னார். எல்லோருமாக அவருக்காக ஜெபித்தோம்.

ஒரு சனிக்கிழமை, பேதுரு அந்தியோகியாவில் செய்த காரியத்தைப் படித்தோம். புறஜாதியாரோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் அவர்களுக்குப் பயந்து பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை நேருக்கு நேர் கண்டித்தார். நான் பவுலுக்கு ஒரு படி மேலே போய்ப் பேதுருவைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தேன். ஞானமுத்து கையைத் தூக்கினார்.

"பேதுருவை விடுங்க சார். நீங்க யார் வீட்டிலாவது பந்தியிலிருந்து எழுந்து வந்திருக்கீங்களா?"

"இல்லை" என்றேன்.

அது உண்மைதான். எழுந்து வரவில்லை. உட்காரவே இல்லையே!

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை, "செய்தீங்களா?" என்று அவர் கேட்பதற்கு முன்னால் நானே வாய் திறந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு யாரும் உபதேசம் பண்ணவில்லை. "போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க" என்றார் ஞானமுத்து. அவ்வளவுதான்.

ரயிலை விட்டு இறங்கிய காலையில் மதுரை எனக்கு மூக்கு வழியாகத்தான் முதலில் கிடைத்தது. பூக்காரியின் கூடையில் மல்லிகை, குதிரைச் சாணம், எங்கிருந்தோ பருத்திப்பாலில் தட்டிப்போட்ட சுக்கு. ஸ்டேஷன் வாசலில் ஒருவர் தவலையை வைத்துக்கொண்டு பருத்திப்பால் ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டு டம்ளர் குடித்தேன். கொழும்பில் காலைக்குப் பாண் என்கிற ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும்தான். அதுவும் நல்ல சாப்பாடுதான். ஆனால் பருத்திக்கொட்டையை ஆட்டிப் பாலெடுத்துக் கருப்பட்டி போட்டுக் குடிக்கலாம் என்று அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. சுக்குக் காரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தங்கை ரூத் தெற்குவாசல் பக்கம் குடியிருந்தாள். ரேஷன் அரிசியில் இட்லி ஊற்றியிருந்தாள். கார்டுக்கு இத்தனை என்று அளந்து போடும் காலம். அதில் அண்ணனுக்கென்று பத்து இட்லி. எனக்குக் குற்றமாக இருந்தது. ஆனாலும் எட்டு சாப்பிட்டேன். தொட்டுக்கொள்ள அம்மா கைப்பக்குவத்திலேயே மிளகாய்ச் சட்னி. அம்மா போய் ஆறு வருஷமாகியிருந்தது.

நான் வந்த காரியத்தைச் சொன்னதும் ரூத்தின் முகம் மாறியது.

"அங்க போயி கை நனைக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க? எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. ஆனா அம்மா இருந்தா என்ன சொல்லியிருப்பாக?"

அம்மா என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருபது வருஷத்துக்கு முன்னால் சொன்னதைத்தான் சொல்லியிருப்பார்.

மறுநாள் பசுமலைக்கு நடந்தே போனேன். குன்றின் அடிவாரத்தில் நாங்கள் படித்த கட்டிடம் அப்படியே இருந்தது. விடுதித் தாழ்வாரத்தில் துவைத்த வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. எனக்குப் பிடித்த வேப்பமரத்தடியில் யாரோ ஒரு மாணவன் முன்னும் பின்னும் நடந்து ஏதோ உருப்போட்டுக்கொண்டிருந்தான். நானும் அங்கேதான் நடந்து நடந்து உருப்போட்டேன். அந்த நாட்களில் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்! விடிகாலையில் எல்லோருமாகப் பாடும் சத்தம் குன்றில் பட்டுத் திரும்பி வரும். உலகத்தையே திருத்திவிடலாம் என்று நம்பினோம். அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் மனம் இளகிப்போகிறது.

சனிக்கிழமைகளில் மாணவர்களை இரண்டிரண்டு பேராகச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்புவார்கள். அங்குள்ள சின்னச் சபைகளில் பாடம் சொல்ல வேண்டும், பிள்ளைகளுக்குப் பாட்டுக் கற்றுத்தர வேண்டும். அப்படியொரு தை மாதச் சனிக்கிழமை, கூட வர வேண்டியவனுக்குக் காய்ச்சல். உசிலம்பட்டிப் பாதையில் ஒரு கிராமத்துக்கு நான் தனியாகப் போனேன். ஊர்ப் பெயரை எழுதாமல் விடுகிறேன். சபை ஊருக்குள் இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம், ஊரார் தள்ளிவைத்திருந்த தெருவில் இருந்தது. எங்கள் குடும்பம் கிறிஸ்தவர்களாகி மூன்று தலைமுறை ஆகிவிட்டது. ஆனால் அம்மா ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவார்: "பாடம் சொல்லு, ஜெபம் பண்ணு. அங்க கை மட்டும் நனைச்சிறாத."

அந்தச் சபையின் உபதேசியார் ஆரோன், அவர் மனைவி பாக்கியம், மூன்று பிள்ளைகள். காலை முழுக்கப் பாடம் சொன்னேன். எல்லோரும் ஒன்று என்பதுதான் அன்றைக்குப் பாடம். அதைத்தான் சொன்னேன், கூசாமல். உச்சி வெயிலுக்குப் பாக்கியம் வாசலில் வந்து நின்று, "சாப்பிட வாங்க தம்பி" என்றார். வருஷத்துக்கு இரண்டு தடவை வடித்தால் அதிசயமான நெல்லுச்சோறு வடித்திருந்தார்கள். முட்டையிடும் கோழியை அடித்துக் குழம்பு வைத்திருந்தார்கள். வாசனை தெரு முழுக்க நின்றது. எனக்கு நல்ல பசி. ஆனால் அம்மாவின் குரல் காதில் விழுந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"இன்றைக்கு நான் உபவாசம்."

நகரத்தில் இப்படிச் சொன்னால், "அப்படியா? மோராவது குடியுங்கள்" என்று விட்டிருப்பார்கள். அவர்கள் விடவில்லை. பாக்கியம் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, "அண்ணன் நமக்காக உபவாசம் இருக்காகடா. நாமளும் இருப்போம்" என்று சொல்லிச் சட்டிகளை மூடினார். செய்தி தெருவுக்குப் போயிற்று. பதினைந்து வீட்டிலும் அடுப்பை அணைத்துவிட்டார்கள். சொன்னதைத் திருப்பி வாங்க எனக்குத் தைரியம் இல்லை. சாயந்தரம் விடுதிக்குத் திரும்பி இரண்டு ஆள் சோறு சாப்பிட்டேன். அதற்குப் பிறகு அந்த ஊர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

மூன்றாம் நாள், சனிக்கிழமை, உசிலம்பட்டி பஸ் ஏறினேன். ரூத் வாசலில் ஒரு வாழையிலைப் பொட்டலத்தைக் கையில் திணித்தாள். புளியோதரை. "வழியில சாப்பிட்டுருங்க. அங்க போயி ஒரு வாய் வச்சாப் போதும்ல?" என்றாள். அவள் கண்ணைப் பார்த்தேன். பாவம், இரண்டு பக்கமும் சமாதானம் பண்ணப் பார்க்கிறாள். வாங்கிக்கொண்டேன்.

யுத்தம் முடிந்தாலும் பெட்ரோல் திரும்பி வரவில்லை. அது கரி பஸ். வண்டியின் முதுகில் பெரிய உருளை, அதில் கரியைக் கொட்டி எரிப்பார்கள். கண்டக்டர் கீழே நின்று ஒரு சக்கரத்தைக் கைவலிக்கச் சுற்றுவார். அரை மணி சுற்றினால் வண்டிக்கு உயிர் வரும். மேடு வந்தால் போய்விடும். கொழும்பு டிராமில் ஏறி, ஞானமுத்துவிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்து பழகிய எனக்கு, முகத்தில் படிந்த கரியைத் துடைக்க இரண்டு கைக்குட்டை போதவில்லை.

நாகமலை தாண்டி ஒரு மேட்டில் வண்டி நின்றேவிட்டது. என் பக்கத்தில் ஒரு ராவுத்தர் உட்கார்ந்திருந்தார். மதுரையில் நூலுக்குச் சாயம் விற்கும் கடை வைத்திருப்பவர், நூல் வியாபார விஷயமாக உசிலம்பட்டிக்குப் போகிறவர். எங்கள் பின்னால் இரண்டு சௌராஷ்டிரப் பெண்கள் அவர்கள் பாஷையில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். ராவுத்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தறிக்காரர்களோடு பழகிப் பழகி அவருக்கு அந்தப் பாஷை அத்துப்படி.

"என்ன சொல்கிறார்கள்?" என்று என் கொழும்புத் தொப்பியைக் கழற்றிக்கொண்டே கேட்டேன்.

"தொப்பிக்காரர் சாப்பிட்ட எட்டு இட்லி அவர் மேலயே தெரியுதாம். அவர் எறங்கினாலே வண்டி மேடு ஏறிருமாம்" என்றார்.

எட்டு என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்ததோ! இறங்கித் தள்ளினேன். எல்லோரும் தள்ளினோம். வண்டி நகரவில்லை. கண்டக்டர் சாம்பலைக் கிண்டி விட்டு, "ஒரு மணி நேரம் ஆகும்ணே" என்றார். ஒரு புளிய மரத்து நிழலில் உட்கார்ந்தோம். ஒன்று இரண்டானது. பசி வயிற்றைக் கிள்ளியது. பொட்டலத்தைப் பிரித்தேன். நல்லெண்ணெயும் வெந்தயமும் மணத்தன. ராவுத்தருக்கு நீட்டினேன். அவர் கொஞ்சமும் யோசிக்காமல், "பிஸ்மில்லா" என்று சொல்லிக் கையை வைத்தார். எவ்வளவு சுலபமாகச் செய்துவிட்டார் மனுஷன் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டே நான் எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் கை பாதியில் நின்றது.

"சாப்பிடுறதுக்குன்னே கடல் தாண்டி வந்திருக்கீங்க. அப்ப இத ஏண்ணே இப்பத் திங்கிறீங்க?"

"தங்கச்சி வருத்தப்படுவாள்" என்றேன்.

ஒரு பருக்கை மிச்சமில்லாமல் இருவரும் முடித்தோம்.

பஸ்ஸை விட்டு இறங்கி ஓடையைத் தாண்டியபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. ஓடையில் மணல்தான், தண்ணீர் இல்லை. இரண்டு பக்கமும் கரிசல் காடு, அறுத்த சோளத் தட்டைகள். தெரு எனக்கு நினைவிருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. ஒரு வீட்டிலும் புகை இல்லை. ஜெபவீட்டிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. அறுப்புப் பண்டிகைக்கு முந்தின நாள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் இதே நாள்தான்.

ஜெபவீட்டு வாசலில் நின்ற ஒரு முதியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "யாரு?" என்றார். "இருபது வருஷத்துக்கு முன்னால் பசுமலையிலிருந்து வந்தேன். எஸ்றா" என்றேன். அவர் உள்ளே பார்த்துப் போட்ட சத்தத்தில் பாட்டு நின்றுவிட்டது.

"ஏய், பசுமலைத் தம்பி வந்துருக்காகப்பா! நாள மறக்காம வந்துருக்காக!"

உள்ளேயிருந்து எல்லோரும் வந்தார்கள். என் கையைப் பிடித்தார்கள், "தோத்திரம்" சொன்னார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த முதியவர்தான் சொன்னார். நான் வந்துபோன அந்த நாளை அவர்கள் விடவில்லையாம். வருஷா வருஷம் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை தெருவே பொழுதடையும் வரை உபவாசம். அன்று உலையில் போடாத தானியத்தை ஒரு குலுக்கையில் கொட்டி, அந்த வருஷம் விளைச்சல் பொய்த்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பெயர் 'தம்பி உபவாசம்'.

"ஐயாவும் உபவாசத்தோடதேன் வந்துருக்காக. முகத்தப் பாத்தாலே தெரியுது" என்றாள் ஒரு பெண்.

என் முகத்தில் தெரிந்தது கரி. விரலில் புளியோதரை மஞ்சள் இன்னும் போகவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆட்டத்தான் போனேன், கழுத்து அதுவாகவே அசையப் பார்த்தது. இருபது வருஷம் வேதம் படித்தவனுக்கு, படிப்பித்தவனுக்கு, அந்த ஒரு நொடி எத்தனை கனமாக இருந்தது!

"இல்லம்மா. வழியில் புளியோதரை சாப்பிட்டுவிட்டு வந்தேன்" என்றேன்.

குழந்தைகள் சிரித்தன. பிறகு பெரியவர்களும் சிரித்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. தலை நரைத்திருந்தாலும் அடையாளம் தெரிந்தது. பாக்கியம். உபதேசியார் ஆரோன் காலமாகி நாலு வருஷம் என்றார்கள்.

ஜெபவீட்டின் பின்பக்கம் அவரோடு தனியே பேசக் கிடைத்தது. அன்றைக்கு அவரை நான் எந்த முறையும் சொல்லிக் கூப்பிடவில்லை. இன்று, "அக்கா" என்றேன். "அக்கா, அன்றைக்கு நான் உபவாசம் இல்லை. பொய் சொன்னேன்" என்றேன்.

"தெரியும்" என்றார்.

"எப்போது தெரியும்?"

"அப்பவே தெரியும் தம்பி. சோத்துப் பானையப் பாத்தீங்க. அப்பறம் எங்க வீட்டுக் கூரையப் பாத்தீங்க. பசிச்ச ஆள எனக்குத் தெரியாதா?"

"பிறகு ஏன் நீங்களும் உபவாசம் என்றீர்கள்?"

"எம்புள்ளைக மூணும் பக்கத்துல நிக்கிது. இந்த அண்ணன் நம்ம வீட்ல சாப்பிட மாட்டாகன்னு அதுககிட்டச் சொல்லவா? அதான் அப்படிச் சொன்னேன்." அவர் குரல் ஏறியது. "நீங்க சொல்லிட்டுப் பஸ் ஏறிட்டீங்க. நான் இருபது வருசமா எம்புள்ளைககிட்ட அந்தப் பொய்யச் சொல்லிக்கிட்டுருக்கேன். நானும் முழங்கால் போட்டு ஜெபம் பண்றவதேன். எனக்கும் உறுத்தாதா?"

என் பொய்யை நான் மட்டும்தான் சுமந்தேன் என்று நினைத்து வந்திருந்தேன். "எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிடட்டுமா? உபவாசம் கலைந்துபோகுமோ என்று பயமாக இருக்கிறது" என்றேன்.

"கலைஞ்சாக் கலையட்டும். டானியேல் இருக்கும்போது சொல்லுங்க" என்றார். டானியேல் அவருடைய மூத்த மகன்.

சாயந்தர ஜெபத்தில் சாட்சி சொல்ல என்னை எழுப்பினார்கள். மேடை ஏறிப் பேசிப் பழகியவன்தான். அன்று நாலு வார்த்தை சேர்த்துச் சொல்ல நாக்கு வரவில்லை. சொன்னேன். அன்றைக்குப் பசித்தது, ஆனாலும் உங்கள் தெரு என்பதால் சாப்பிடவில்லை, அதை மறைக்க உபவாசம் என்றேன், என்னை மன்னியுங்கள் என்றேன். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த, கலப்பை பிடித்துக் காய்த்த கையோடு கூடிய வாலிபன் எழுந்து வெளியே போய்விட்டான். அவன்தான் டானியேல்.

ஜெபம் முடிந்தது. உபவாசம் விடும் நேரம். பாக்கியம் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். தரையில் பாய் போட்டு இலை விரித்தார். குதிரைவாலிச் சோறு, மொச்சைக் குழம்பு, ஓர் ஓரத்தில் சுட்ட கருவாடு. அந்த வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். இதற்காகத்தான் கடல் தாண்டி வந்தேன். ஆனால் பக்கத்தில் இன்னொரு இலை காலியாகக் கிடந்தது.

என் கை சோற்றுக்குப் போகவில்லை. பலிபீடத்தில் காணிக்கை வைக்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டு முதலில் அவனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னதை நான் எத்தனை தடவை பாடம் எடுத்திருக்கிறேன்! படித்த காலத்தில் அது எளிதான பாடமாக இருந்தது. "அக்கா, சோற்றை மூடி வையுங்கள். வந்துவிடுகிறேன்" என்று எழுந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இருபது வருஷத்துக்கு முன் பார்த்த அதே பார்வை வந்து போயிற்று. "மறுபடியுமா?" என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். கேட்கவில்லை. "கெணத்தடியில இருப்பான்" என்றார்.

மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலைக் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான். மேற்கே மலைக்குப் பின்னால் இன்னும் வெளிச்சம் இருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். அவன் திரும்பவில்லை.

"எனக்கு அப்ப எட்டு வயசு" என்றான். "கோழிக் குழம்பு வாசத்துல நிக்க முடியல. சட்டியத் தொறந்து கைய விட்டேன். எங்க அம்மா என்னைய அடிச்சாக. அன்னைக்கு முன்னயும் அடிச்சதில்ல, பின்னயும் அடிச்சதில்ல. பெரிய மனுசரு நமக்காகப் பட்டினி கெடக்காக, நீ கைய வைக்கிறயான்னு அடிச்சாக. நான் அழுதேன். ஆனா அப்பறம் எனக்கு அது ஒரு பெருமை சார். அந்த உபவாசத்துக்காக அடி வாங்குனவன்னு ஊர்ல சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இன்னைக்கு வந்து அதையும் எடுத்துட்டீங்க."

ஒப்பித்த வசனங்களில் ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை. "டானியேல், பொய் என்னுடையது. அன்றைக்கு உன் அம்மா இருந்தது பொய் உபவாசம் இல்லை. உங்கள் மனசு நோகக்கூடாது என்று ஒரு தாய் பட்டினி கிடந்தார். நீ வாங்கிய அடியும் அதற்காகத்தான். அதை என்னால் எடுக்க முடியாது" என்றேன்.

அவன் ஒரு சரளைக் கல்லை எடுத்துக் கிணற்றுக்குள் போட்டான்.

"வா, சாப்பிடலாம். நீ வராமல் நான் சாப்பிடப் போவதில்லை."

அவன் சட்டென்று திரும்பினான். "என்ன சார், மறுபடி உபவாசமா?"

"இல்லப்பா" என்றேன். "பசிக்குது."

அவன் என் முகத்தையே பார்த்தான். "நெசமாவா?"

"நெசமா. ரொம்பப் பசிக்குது."

அந்த ஒரு வார்த்தையை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஒரு பிள்ளைக்கு அடி விழுந்திருக்காது. டானியேல் எழுந்தான். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தான்; நான் பின்னால் நடந்தேன். வாசலில் பாக்கியம் செம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றார். என் கைக்கும் அவன் கைக்கும் மாறி மாறி ஊற்றினார். அப்படி ஒரு சாப்பாட்டை நான் அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் சாப்பிட்டதில்லை. மூன்று முறை குழம்பு வாங்கினேன். "போதும் தம்பி, பஸ்ஸத் தள்ளவேண்டி இருக்கும்" என்றார் பாக்கியம். புளியோதரைக் கதையோடு பஸ் கதையையும் குழந்தைகளிடம் சொல்லியிருந்தேன்; அது அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது. டானியேல் முதல்முறையாகச் சிரித்தான்.

மறுநாள் பண்டிகை ஆராதனை முடித்து மதுரைக்குத் திரும்பினேன். ரூத் வாசலிலேயே, "கை நனைச்சீங்களா?" என்று கேட்டாள். "நனைத்தேன்" என்றேன். அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். பிறகு வந்து, "என்ன குழம்பு வச்சாக?" என்று கேட்டாள். மொச்சைக் குழம்பைப் பற்றி இருவரும் வெகுநேரம் பேசினோம். மறு வருஷம் அவளே அந்த ஊர்ப் பண்டிகைக்குப் போய்வந்ததாகக் கடிதம் எழுதியிருந்தாள்.

கொழும்பில் அடுத்த சனிக்கிழமை ஜெபம் முடிந்ததும் ஞானமுத்து கேட்டார். "செய்தீங்களா?" நான் எல்லாவற்றையும் சொன்னேன். வழியில் சாப்பிட்ட புளியோதரையையும் சேர்த்துத்தான்.

இரண்டு வருஷம் கழித்து டானியேலிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அம்மா காலமாகிவிட்டார்கள் என்று எழுதியிருந்தான். கடைசி வரியில், "உபவாசத்தை விடவில்லை. பேரை மட்டும் மாத்திட்டோம். இப்ப அதுக்கு அம்மா பேரு" என்று இருந்தது. கார்டைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன்.

தை மாதத்தில் அந்தச் சனிக்கிழமை வந்தால் கொழும்பில் என் வீட்டிலும் அடுப்பு எரிவதில்லை. மதியம் தாண்டினால் வயிறு எரியும், தலை லேசாகக் கிறுகிறுக்கும். யாராவது வந்து, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார்கள். நான் உபவாசம் என்று சொல்வதில்லை. "பாக்கியத்தக்கா உபவாசம்" என்று சொல்லுகிறேன்.